பெரியம்மாவின் ரீவியிலிருந்து தொடங்குங்கள்

என் அலுமாரியின் மேல்தட்டில், பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள், எட்டு சென்ரிமீற்றர் அகலமான ஒரு சின்ன இறுவட்டு இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன்மேல் தம்பியின் கையெழுத்தில் "அம்மம்மா 80" என்று எழுதியிருக்கிறது. பத்து வருடமாக அது எந்தக் கணினியிலும் ஓடவில்லை. எதில் போட்டாலும் வெற்றுத் தட்டு என்றே காட்டியது. ஆனால் அடிப்பக்கத்தை யன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால், எழுதப்பட்ட உள்வட்டம் ஒரு நிறத்திலும், எழுதப்படாத வெளிவிளிம்பு இன்னொரு நிறத்திலும் தெரியும். உள்ளே அம்மம்மா இருக்கிறா என்பது கண்ணுக்குத் தெரிந்தது. எடுக்கத்தான் வழி தெரியவில்லை.

வீட்டு வீடியோவை டிவிடி ஆக்குவதற்கு என்ன கமரா, என்ன மென்பொருள் என்று என்னிடம் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கைத்தொலைபேசிக் காலத்திலுமா என்று நினைக்கலாம். கொழும்பில், எங்கள் வெள்ளவத்தையில், எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு மகள் ரொறன்ரோவில், ஒரு மருமகன் லண்டனில், ஒரு தங்கச்சி பாரிஸில். அவர்களோடு இருக்கிற எழுபது, எண்பது வயதுக்காரருக்கு இணைப்பு அனுப்பினால் திறக்கத் தெரியாது. தட்டைக் கையில் கொடுத்தால் போட்டுப் பார்ப்பார்கள். பார்த்து முடிந்ததும் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அதற்காகத்தான் நான் இன்னும் தட்டு எழுதுகிறேன்.

கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதை யார் பார்க்கப்போகினம், எந்த ஊரில், எந்த ரீவியில்? அதைச் சொன்னால் தட்டைத் தீர்மானிக்கலாம். தட்டைத் தீர்மானித்தால் மென்பொருள் தெரியும். மென்பொருள் தெரிந்தால் கமரா தெரியும். எங்கள் ஆட்கள் எல்லோரும் தலைகீழாகப் போகிறார்கள். கமராவை வாங்கிவிட்டு, அதற்கு மென்பொருள் தேடி, கடைசியில் ஒரு தட்டை எழுதி அனுப்புகிறார்கள். அது போய்ச் சேர்ந்த வீட்டில் ஓடுவதில்லை. நாங்களும் அப்படித்தான் செய்தோம், இரண்டு தடவை.

முதல் தடவை 2006 ஆவணி. அம்மம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்காகச் சித்தப்பா ரொறன்ரோவிலிருந்து வந்தார். கையோடு ஒரு கமராவும் கொண்டுவந்தார். சின்னத் தட்டிலேயே நேரடியாகப் பதிகிற வகை. "கணினியே தேவையில்லை, எடுக்கிறது, தட்டைக் கழட்டிப் பிளேயரில போடுறது, அவ்வளவுதான்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. போகும்போது அதை எங்களுக்கே தந்துவிட்டுப் போனார்.

அந்தத் தட்டில் 1.4 ஜிபி இடம். சாதாரணத் தரத்தில் ஏறக்குறைய 30 நிமிடம், உயர் தரத்தில் 20 நிமிடம். வீட்டில் எழுபது பேர், பூசை, கேக், பாட்டு, பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காலில் விழுவது என்று எல்லாம் நடந்தால் எத்தனை தட்டு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அது போகட்டும். வீடியோவைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. வரவேற்பறையில் எடுத்த இடமெல்லாம் படம் துடித்தது, இமைப்பது போல. வெளியில் பல்கனியில் எடுத்தது சுத்தமாக இருந்தது. கமராவில் ஏதோ பிழை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

கமராவில் பிழை இல்லை. அது வட அமெரிக்காவுக்குச் செய்த கமரா. அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், அப்போதைய ரீவி ஒளிபரப்பு முறை என்டிஎஸ்சி, கமரா விநாடிக்கு ஏறக்குறைய 60 தடவை ஒளியை எடுக்கும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பழைய சோக் வைத்த ரியூப்லைட் அதில் விநாடிக்கு 100 தடவை மின்னும். நூறை அறுபதால் பிரித்தால் மிச்சம் விழும். அதனால் ஒரு படத்தில் வெளிச்சம் கூட, அடுத்ததில் குறைய என்று மாறி மாறி விழுகிறது. ஷட்டரை 1/100 என்று வைத்தால் ஒவ்வொரு படத்திலும் சரியாக ஒரு மின்னல் வந்து துடிப்பு நின்றுவிடும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை; இரண்டு வருடம் கழித்துத்தான் விளங்கியது. கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ யாராவது அன்போடு கமரா கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கலியாண மண்டபத்துக்கு முன் உங்கள் வீட்டு ரியூப்லைட்டின் கீழ் பத்து நிமிடம் எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது சிக்கல்தான் அந்தப் பிஸ்கட் டின்னுக்குள் இருப்பது. இந்த வகைத் தட்டை எடுத்து முடித்தபின் 'பைனலைஸ்' செய்யவேண்டும். கமராவே உட்கார்ந்து, மின்சாரத்தில் செருகியபடி, சில நிமிடம் எடுத்து, தட்டின் உள்ளடக்கப் பட்டியலை எழுதி முடிக்கும். அதைச் செய்யும்வரை வேறு எந்தப் பிளேயருக்கும் அந்தத் தட்டு வெறுமைதான். பிறந்தநாளுக்கு அடுத்த நாள், வீடு அடங்கிய பிறகு, தம்பி அம்மம்மாவைக் கதிரையில் இருத்தி, கடைசித் தட்டில் அவவைக் கதைக்க வைத்து எடுத்தான். முடிப்பதற்கு முன் கமரா நின்றுவிட்டது. திருத்தக் கொடுத்தோம். பாகம் இல்லை என்று சொன்னார்கள். அம்மம்மா அடுத்த வருடம் மாசியில் காலமானா.

தங்கச்சியின் கலியாணம் 2008 இல் பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில். இந்த முறை நானே கமரா வாங்குவது என்று முடிவெடுத்தேன். வீடியோக்காரர் எப்படியும் வருவார். ஆனால் அவர் மணவறையைத்தான் எடுப்பார். எனக்கு வேண்டியது சமையலறையில் பலகாரம் சுடுவதும், முதல் நாள் இரவு பெண்கள் பூக்கட்டுவதும், மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கும்போது அப்பாவின் முகமும்.

மஜெஸ்டிக் சிற்றியில் தொடங்கி லிபேர்ட்டி பிளாசா வரைக்கும் காலி வீதிக் கடைகளை இரண்டு சனிக்கிழமை ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் முதலில் எடுத்துக் காட்டியது கமராவின் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்த உருப்பெருக்க எண்ணை. 800 மடங்கு என்று இருந்தது ஒன்றில். அது டிஜிட்டல் சூம், இருக்கிற படத்தையே இழுத்துப் பெருப்பிப்பது. எண்ணூறு மடங்கில் மணமகளின் மூக்குத்தி நாலு சதுரமாகத் தெரியும். பார்க்கவேண்டியது ஒப்டிகல் சூம், அதாவது வில்லையே செய்கிற உருப்பெருக்கம். மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து எடுக்கப் பத்து மடங்கு போதும்.

அப்போது கடைகளில் நாலு வகை இருந்தன: சின்னத் தட்டில் பதிவது, உள்ளேயே ஹாட்டிஸ்க் வைத்தது, 2006 இல் சோனியும் பனசோனிக்கும் கொண்டுவந்த ஏவிசிஎச்டி என்ற உயர்தெளிவுப் பதிவு முறை, பிறகு மினிடிவி என்ற நாடா. (மினிடிவியோடு குழம்பக்கூடாது என்பதற்காகத்தான் தொலைக்காட்சியை ரீவி என்று எழுதுகிறேன்.) கடைக்காரத் தம்பிகள் எல்லோரும் நாடா பழசு, ஹாட்டிஸ்க் எடுங்கோ என்றார்கள். நான் நாடாவையே எடுத்தேன். அதற்கு எனக்கு மூன்று காரணம் இருந்தது.

மினிடிவி ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சுருக்கிப் பதியும். சுருக்கமும் குறைவு, ஐந்துக்கு ஒன்று. டிவிடியில் இருக்கும் எம்பெக்-2 என்ற சுருக்கும் முறை அப்படி இல்லை. ஒரு முழுப் படத்தை வைத்துக்கொண்டு, அடுத்து வரும் பத்துப் பதினொரு படங்களுக்கு மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொள்ளும். அதனால் நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. வெட்டினால் மீண்டும் சுருக்கவேண்டும், மீண்டும் சுருக்கினால் படம் மங்கும். வெட்டி ஒட்டுகிற எண்ணம் இருந்தால் நாடா. எடுத்ததை அப்படியே கொடுக்கிற எண்ணம் என்றால் மட்டும்தான் தட்டுக் கமரா. இது முதல் காரணம்.

இரண்டாவது, நாடாவே மூலப்பிரதி. அறுபது நிமிட நாடா ஒன்று கணினியில் ஏறக்குறைய 13 ஜிபி. அன்றைய கணினியில் அதை வைத்திருக்க இடமில்லை, தட்டை எழுதிவிட்டு அழிக்கவேண்டும். நாடா அலுமாரியில் இருந்தால் எப்போதும் திரும்பப் போகலாம். கசெட்டின் முதுகில் ஒரு சின்ன இழுப்பான் இருக்கும். அதை 'சேவ்' பக்கம் தள்ளிவிட்டால் மேலே பதியாது. எடுத்து முடித்த நிமிடமே தள்ளிவிடுங்கள், பிறகு என்று வைக்காதீர்கள்.

மூன்றாவது காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், அது அப்பாவின் வீடியோ கொப்பிகளோடு, அதாவது பழைய விஎச்எஸ் கசெட்டுகளோடு, சம்பந்தப்பட்டது.

கடையில் கமராவைக் கையில் வாங்கியதும் நான் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். கசெட் போடும் கதவு அடியில் இருந்தால் வேண்டாம். முக்காலியில் பூட்டியிருக்கும்போது நாடா முடிந்தால், கமராவைக் கழற்றினால்தான் மாற்றலாம். தாலி கட்டும் நேரம் நாடா முடிந்ததென்றால் போச்சு. மேல்பக்கம் கதவு உள்ளதைத் தேடினேன். அதன்பின் ஒலிவாங்கி செருகும் துளை. இதற்காக இரண்டு மொடலைத் தள்ளினேன். கமராவின் சொந்த ஒலிவாங்கி நாடா சுழலும் சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கும். நாதஸ்வரமும் தவிலும் கெட்டிமேளத்தில் ஏறும்போது கமரா தானாக ஒலியைக் குறைத்துவிடும். மேளம் நின்றதும் ஐயர் சொல்லும் மந்திரம் சில விநாடிக்குக் காதில் விழாது. தனி ஒலிவாங்கியை மணவறைத் தூணில் கட்டி, கையால் அளவு வைத்தால் இரண்டும் வரும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்த்துவிடுவார்கள், அம்மாவின் குரல் கேட்காவிட்டால் தட்டை நிறுத்திவிடுவார்கள்.

ஒலியில் இன்னொன்றும் உண்டு, மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். பல மினிடிவி கமராக்கள் வாங்கும்போது 12 பிட், 32 கிலோஹேர்ட்ஸில் வைத்திருக்கும். டிவிடிக்கு வேண்டியது 48 கிலோஹேர்ட்ஸ். முதல் நாளே 16 பிட்டுக்கு மாற்றிவிட்டால் பிறகு ஒலியும் உதடும் விலகிப்போகிற தலையிடி வராது.

அந்தக் காலத்தைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, போர் நடந்த 2008 இல் கொழும்பில் தமிழ்ப் பெயரோடும் கமராப் பையோடும் வீதியில் போவது லேசான காரியம் இல்லை. கடை ரசீதையும் கலியாண அழைப்பிதழ் ஒன்றையும் பையின் முன்பக்கத்திலேயே வைத்திருந்தேன். சோதனைச்சாவடியில் இரண்டு முறை இறக்கிக் காட்டவேண்டி வந்தது. வீதியில் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அதனால்தான் எங்கள் அந்தக் கால வீடியோக்கள் எல்லாம் வீட்டுக்குள்ளும் மண்டபத்துக்குள்ளும் மட்டுமே இருக்கின்றன. காலி வீதி எங்கள் நாடாக்களில் இல்லை.

கலியாணத்தன்று காலையில் ஏசி வானிலிருந்து இறங்கி மண்டபத்துக்குள் கமராவைத் திறந்ததும் திரையில் ஈரப்பதம் என்ற எச்சரிக்கை வந்து நாடா ஓட மறுத்தது. குளிரிலிருந்து கொழும்புப் புழுக்கத்துக்கு வந்ததும் உள்ளே உருளையில் நீர் படிந்துவிட்டது. நல்லவேளை, முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அதன்பின் எந்த விசேஷத்துக்கும் கமராவை வானுக்குள் பையைக் கட்டியபடியே வைத்து, மண்டபத்தில் இறங்கியும் அரை மணித்தியாலம் பை திறப்பதில்லை.

எடுத்தாயிற்று. ஐந்து நாடா. இனிக் கணினி.

மினிடிவியைக் கணினிக்குக் கொண்டுபோகப் பயர்வயர் என்ற இணைப்பு வேண்டும். சோனிக்காரர் அதை ஐலிங்க் என்பார்கள். யுஎஸ்பி வயரையும் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள், அது அநேகமாக நிழற்படங்களுக்கும் தரம் குறைந்த நேரலைப் படத்துக்கும்தான். யுனிட்டி பிளாசாவில் ஒரு பயர்வயர் காட் வாங்கிப் பூட்டினேன். ஒரு மணித்தியால நாடா இறங்க ஒரு மணித்தியாலம் எடுக்கும். அவசரப்படுத்த முடியாது. முதல் நாடா பத்தொன்பதாவது நிமிடத்தில் தானாக நின்றது. திரும்ப இறக்கினேன், அதே பத்தொன்பது. நாடாவில் பழுதென்று பயந்துபோனேன். காரணம் ஹாட்டிஸ்க்: பழைய பாட் 32 முறையில் வடிவமைத்திருந்தது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. விநாடிக்கு 3.6 மெகாபைட் வீதம் பத்தொன்பது நிமிடத்தில் 4 ஜிபி வந்துவிடும். ஹாட்டிஸ்கை என்டிஎப்எஸ் என்ற மற்ற முறைக்கு மாற்றியதும் முழுதாக இறங்கியது.

மென்பொருளைப் பற்றிக் கேட்பவர்கள் ஒரு பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் வேலை மூன்று: வெட்டி ஒட்டுவது, டிவிடியின் அமைப்பை உருவாக்குவது, தட்டில் எழுதுவது. விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த மூவி மேக்கர் முதல் வேலையைச் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. யூலீட் வீடியோஸ்ரூடியோ, பினக்கிள் ஸ்ரூடியோ, அடோபி பிரிமியர் எலிமென்ட்ஸ் மூன்றுமே மூன்று வேலையையும் ஒரே கூரையின் கீழ் செய்தன. நான் யூலீட்டில் இருந்தேன். முதலில் ஒரு நண்பர் தந்த திருட்டுப் பிரதி, கலியாண வேலை பாதியில் இருக்கும்போது திறக்க மறுத்தது. மூன்று இரவு வேலை அதற்குள் மாட்டிக்கொண்டது. காசு கொடுத்து வாங்கினேன். இன்று தொடங்குகிறவர்களுக்கு அந்தச் செலவும் தேவையில்லை. டிவிடிஸ்ரைலர் இலவசம், திறந்த மூலம், மெனு செய்து கொடுக்கும். எழுதுவதற்கு இம்க்பேர்ன், அதுவும் இலவசம்.

நான் மென்பொருளைச் சோதித்தது தமிழில். 'கொழும்பு' என்று தலைப்பில் அடித்துப் பார்ப்பேன். அன்றைய மென்பொருள்களில் பலவற்றுக்கு எங்கள் கொம்புகளை எங்கே வைப்பதென்று தெரியாது. யூனிகோட்டில் அடித்தால் ககரம் முன்னுக்கும் கொம்பும் காலும் பின்னுக்குமாகப் பிய்ந்து நிற்கும். தங்கச்சியின் கலியாணத் தட்டில் அவளுடைய பெயர் பிழையாக வருவதை நான் விடமாட்டேன். வழி காட்டியது கொட்டாஞ்சேனையில் அழைப்பிதழ் அச்சடித்த அண்ணா. "பாமினில அடியுங்கோ" என்றார். பாமினி எழுத்துருவுக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், வெளியே தெரிவது தமிழ். மென்பொருள் அதை ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு அடித்த ஒழுங்கிலேயே வைக்கும், கொம்பு தன் இடத்தில் நிற்கும். அந்த இரவு பாமினியில் பெயர் சரியாக வந்து திரையில் நின்றபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்தது இடக் கணக்கு. தட்டின் மேல் 4.7 ஜிபி என்று இருக்கும், கணினி அதையே 4.38 என்று காட்டும். எண்ணும் முறை வேறு, இடம் ஒன்றுதான். அதை இரண்டு மணித்தியாலத்துக்குப் பங்கிட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 5.2 மெகாபிட். நல்ல படம். மூன்று மணித்தியாலத்துக்குப் பங்கிட்டால் 3.5 கூட வராது. ஓமப்புகை எழும்போதும் அட்சதை விழும்போதும் படம் கட்டம் கட்டமாக உடையும், ஏனென்றால் புகையும் அரிசியும் ஒவ்வொரு படத்திலும் வேறு. ஒரு மணித்தியாலத்துக்குள் என்றால் 8 வரை தாராளமாக வைக்கலாம். டிவிடியில் படத்துக்கு உச்ச எல்லை 9.8, அந்த விளிம்பு வரை போனால் பழைய பிளேயர்கள் திக்கும். ஒலியைச் சுருக்காமல் வைத்தால் அதுவே 1.5 மெகாபிட்டைத் தின்றுவிடும். டொல்பி டிஜிட்டலில் 256 கிலோபிட் போதும். ஐந்து மணித்தியாலக் கலியாணத்தை ஒரு தட்டில் அடைக்கச் சொல்லி அப்பா கேட்டார். நான் இரண்டு தட்டில் நாலு மணித்தியாலமாக வெட்டினேன். இன்று என்றால் இன்னும் வெட்டியிருப்பேன்.

புல ஒழுங்கு என்று ஒரு தெரிவு வரும். ஒவ்வொரு படமும் ஒன்றுவிட்ட கோடுகளாக மேல்புலம், கீழ்ப்புலம் என்று இரண்டு பாதியாகப் பதியும், எது முதல் என்பதுதான் அது. மினிடிவி கீழ்ப்புலத்தை முதலில் பதியும். மென்பொருளில் மேல்புலம் முதல் என்று இருந்தால், அசையாத காட்சியில் ஒன்றும் தெரியாது. ஆரத்தி சுற்றும்போது தட்டு முன்னும் பின்னும் துள்ளும். ஒரு மணித்தியாலம் சுருக்கியபின் அதைக் கண்டுபிடித்தால் முழுவதும் திரும்பச் செய்யவேண்டும். ஆரத்திக் காட்சி முப்பது விநாடியை மட்டும் வெட்டி, அழித்துத் திரும்ப எழுதக்கூடிய ஒரு தட்டில் எழுதி, உங்கள் வீட்டு ரீவியில் போட்டுப் பாருங்கள். கணினித் திரை இந்தப் பிழையைக் காட்டாமல் மறைத்துவிடும்.

இவ்வளவும் செய்து எட்டுப் பிரதி எழுதினேன். லண்டனுக்கு இரண்டு, பாரிஸுக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று, ரொறன்ரோவுக்கு இரண்டு. லண்டனிலிருந்து அழுகையோடு தொலைபேசி வந்தது. ரொறன்ரோவிலிருந்து பெரியம்மா எடுத்தா.

"பிள்ளை, கறுப்பாத்தான் கிடக்கு. நான் ஏதும் பிழையா அமத்தினனோ?"

எண்பதாவது பிறந்தநாளுக்கும் வரமுடியாமல், கலியாணத்துக்கும் வரமுடியாமல் இருந்தவ. ஒரு கிழமை தட்டை எடுத்தும் போட்டும் பார்த்திருக்கிறா. பிழை அவவிடம் இல்லை, என்னிடம். இலங்கையில் 'பால்' முறை: 576 கோடு, விநாடிக்கு 25 படம். கனடாவில் என்டிஎஸ்சி: 480 கோடு, 29.97 படம். எங்கள் பக்கத்துப் பிளேயர்களும் ரீவிகளும் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். அந்தப் பக்கத்துப் பிளேயர்கள் பல பால் முறையை ஏற்பதில்லை. ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் நாங்கள் பார்ப்பது அப்படியே போகலாம். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் தனியாக என்டிஎஸ்சியில் ஒன்று செய்யவேண்டும். அதைத் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் ஒரு கிழமைக் கவலையை அவவுக்குக் கொடுத்திருக்கமாட்டேன். மாற்றி அனுப்பியபின் மெனுவையும் எடுத்துவிட்டேன். தட்டைப் போட்டதும் நேரே படம் ஓடும். பூ, இதயம், அசையும் பொத்தான் எல்லாம் செய்கிறவருக்குத்தான் சந்தோஷம். கண் மங்கியவருக்கு எதை அமத்துவதென்று தெரியாது.

தட்டு வாங்குவதில் சுருக்கமாகச் சொல்வது: பழைய பிளேயர்களுக்கு டிவிடி-ஆர், கழித்தல் குறி போட்டது, பாதுகாப்பானது. பதினாறு வேகம் என்று எழுதியிருந்தாலும் எட்டில் எழுதுங்கள். எழுதி முடிந்ததும் சரிபார்க்கும் தெரிவை விட்டுவிடாதீர்கள். காகித லேபிள் ஒட்டவேண்டாம். கடற்காற்றும் புழுக்கமும் சேர்ந்து ஒரு மழைக்காலத்தில் அதன் ஓரத்தைக் கிளப்பிவிடும், தட்டு சுழலும்போது நடுங்கும். இறுவட்டுக்கென்று விற்கும் மார்க்கரால், நடுவிலுள்ள தெளிவான வளையத்தில் எழுதுங்கள். எங்கள் பிளாட்டிலிருந்து கடல் இரண்டு வீதி தள்ளி. வெயில் படாத அலுமாரி, சிலிக்கா ஜெல் பொட்டலம், மூடி இறுகிய டின் இவை மூன்றும்தான் என் பாதுகாப்பு.

இனி மூன்றாவது காரணம். அப்பாவிடம் பதினொரு விஎச்எஸ் கொப்பி இருந்தன. எங்கள் சாமத்திய வீடுகள், அப்பப்பாவின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு, தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எங்கள் வீட்டில் தங்கியிருந்த ஒரு பொங்கல். அவற்றைப் போட்டுப் பார்க்கும் டெக் ஒன்று அப்போது இன்னும் ஓடியது. நான் வாங்கிய கமராவில் ஏவி உள்வரும் துளை இருந்தது: டெக்கிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைக் கமராவில் செருகி, கமராவிலிருந்து பயர்வயரைக் கணினியில் செருகினால், நாடா இல்லாமலே கமரா பழைய படத்தை டிஜிட்டலாக மாற்றி உள்ளே அனுப்பும். எல்லா மொடலும் இதைச் செய்யாது. வாங்கும்போதே கேட்டு, கடையிலேயே செருகிப் பார்த்துத்தான் வாங்கினேன். இரண்டு கொப்பியில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதைத் துடைக்காமல் டெக்கில் போட்டால் நாடாவை வாசிக்கும் தலையைக் கெடுத்து மற்றக் கொப்பிகளுக்கும் ஏறும் என்பதால் அவற்றைத் தனியாக வைத்தேன். ஒன்பதைக் காப்பாற்றினேன். விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் புனாய் 2016 ஆடியில் நிறுத்திவிட்டது. வீட்டில் கொப்பியும் ஓடுகிற டெக்கும் இருப்பவர்கள் புதுக் கமராவைப் பற்றி யோசிப்பதற்கு முன் அந்த வேலையைச் செய்யுங்கள். மினிடிவி நாடாவுக்கும் அதே கதிதான். ஓடுகிற கமரா இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.

இப்போது கமராவாக இருப்பது பெரும்பாலும் கைத்தொலைபேசி. அதற்கு ஒன்று சொல்வேன்: தொலைபேசி விநாடிக்கு எத்தனை படம் என்பதை வெளிச்சத்தைப் பொறுத்துக் கூட்டிக் குறைக்கும். அதை அப்படியே டிவிடி மென்பொருளுக்குள் போட்டால் அரை மணித்தியாலத்தில் உதடும் குரலும் பிரிந்துவிடும். முதலில் ஹாண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான படவேகத்துக்கு மாற்றுங்கள். படுக்கையாகப் பிடித்து எடுங்கள். மூலக்கோப்பை அழிக்காமல் இரண்டு ஹாட்டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள்.

சின்னத் தட்டு. 2016 மார்கழியில் வேறு எதையோ தேடும்போது ஐசோபஸ்டர் என்ற மென்பொருளைப் பற்றி அறிந்தேன். முடிக்கப்படாத தட்டில் உள்ளடக்கப் பட்டியல் இல்லாவிட்டாலும், எழுதிய பகுதியை நேரடியாக வாசித்து அதிலிருக்கும் வீடியோவை அடையாளம் காணும். இழுத்தட்டு உள்ள பழைய டிரைவ் வேண்டும். உறிஞ்சி இழுக்கும் வகையில் எட்டு சென்ரிமீற்றர் தட்டைப் போடவே கூடாது, உள்ளே சிக்கிவிடும். நடுவிலுள்ள சின்னப் பள்ளத்தில் தட்டை வைத்து உள்ளே தள்ளினேன். விண்டோஸ் வழக்கம்போல வெற்றுத் தட்டு, வடிவமைக்கவா என்று கேட்டது. இல்லை என்று அமத்தினேன். அந்தக் கேள்விக்கு ஒருபோதும் ஆம் சொல்லாதீர்கள். ஐசோபஸ்டர் ஓடியது. டிரைவ் இழுத்தும் விட்டும் முனகியது. தம்பி பக்கத்தில் நின்றான், ஒன்றும் கதைக்கவில்லை.

22 நிமிடம் வந்தது.

அம்மம்மா கதிரையில் இருக்கிறா. ரியூப்லைட் துடிப்பு இருக்கிறது, அதை நான் எடுக்கவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறா. கமராவை நேரே பார்த்து, "உது ஓடுதோ, தம்பி?" என்று கேட்கிறா. தம்பியின் குரல், "ஓடுது அம்மம்மா, கதையுங்கோ." பிறகு அவ தன் கலியாணத்தைப் பற்றி, மாட்டுவண்டியில் வந்ததைப் பற்றி, பெரியம்மா பிறந்த இரவு பெய்த மழையைப் பற்றிக் கதைக்கிறா.

அது என்டிஎஸ்சிக் கமரா என்பதால் மாற்ற எதுவும் இருக்கவில்லை. படத்தை மீண்டும் சுருக்காமல் அப்படியே டிவிடி அமைப்புக்குள் வைத்து, மெனு இல்லாமல், பெரிய தட்டில் எழுதி ரொறன்ரோவுக்கு அனுப்பினேன். பெரியம்மா மூன்று நாள் கழித்து எடுத்தா. அந்த மழைக் கதையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாவாம். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து போட்டு, பதினாலு நிமிடம் காத்திருந்து.

அடுத்த தட்டில் அந்த இடத்தில் ஒரு அத்தியாயக் குறி வைத்து அனுப்பினேன். ரிமோட்டில் அடுத்தது என்ற பொத்தானுக்கு மேல் சிவப்பு நூல் கொஞ்சம் ஒட்டிவிடச் சொல்லிச் சித்தப்பாவிடம் சொன்னேன். ஒரு தடவை அமத்தினால் மழைக்குப் போகும்.